பேர் போட்டதால் பிழைத்த உப்பு

மரக்காணத்தில் எங்கள் உப்பளப் பாத்தி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்க ஒரு கருவி செய்தேன். அதற்கான புரோகிராமை இணையக் குழு ஒன்றில் கோவைக்காரர் ஒருவர் இலவசமாகப் போட்டிருந்தார். கருவியின் படத்தை அவர் பெயரோடு அங்கேயே போட்டேன். "கஷ்டப்பட்டது நீ, பேரு அவருக்கா?" என்று என் கணவர் கடுகடுத்தார்.

ஒருநாள் பிரவுசிங் சென்டரில் கோவைக்காரரின் மெயிலைப் பார்த்தேன். "என் பெயர் இருந்ததால்தான் உங்களைக் கண்டுபிடித்தேன். என் புரோகிராமில் தப்பு இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் பாத்தி நிறைந்தாலும் மோட்டார் நிற்காது."

பதறிப்போய்க் கணவருக்குப் போன் செய்தேன். "கரண்ட் இப்பதான் வந்துச்சு, இதோ ஓடறேன்" என்றார். தண்ணீர் வரப்பின் விளிம்பைத் தொடும்போது மோட்டாரை நிறுத்தினாராம். வரப்புக்கு அந்தப் பக்கம்தான் வாரிக் குவித்த உப்பு இருந்தது.

முகம் தெரியாத அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். இப்போதெல்லாம் யார் புரோகிராமை எடுத்தாலும் பெயர் போட்டு, அவருக்கும் ஒரு மெயில் அனுப்பிவிடுகிறேன். நான் மறந்தாலும் கணவர் விடுவதில்லை: "அவரு பேரைப் போட்டியா?"