சானடோரியம் வருவதற்குள்

பீர்க்கன்கரணை பிரிட்டோவை எங்கள் மின்சார ரயிலில் ‘நாலு மூவ் பிரிட்டோ’ என்றால்தான் தெரியும். பாரிமுனையில் மருந்து மொத்தக்கடையில் பில் போடுகிறவன். காலை வண்டியில் தாம்பரத்தில் ஏறியதும் மடியில் காந்தச் செஸ் போர்டை விரிப்பான். ராணி வெளியே வரும், கூடவே பிஷப். நாலாவது மூவில் ராணி சிப்பாயை வெட்டி ராஜாவின் கழுத்தருகே உட்காரும். அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் வருவதற்குள் ஆட்டம் குளோஸ். எங்களுக்கெல்லாம் அந்தப் பொறி அத்துப்படி. அதனால் புது ஆளோடு மட்டும்தான் ஆடுவான்.

அப்படி மாட்டியவர் ஏகநாதன். ஐம்பது வயது, மாற்றலாகி வந்தவர், யாரோடும் பேசாதவர். ஒரு நாள் புது போர்டோடு வந்து, “என்னையும் சேத்துக்குவீங்களா சார்?” என்று கேட்டார். நாலே மூவ். பெட்டியே கைதட்டியது. அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மறுநாளிலிருந்து அடுத்த பெட்டி நெரிசலில் தொங்கிக்கொண்டு போனார்.

பிரிட்டோவுக்கு அது உறுத்தியது.

“ஆசையா வந்த மனுசன்பா. அடிச்சு தொரத்திட்டேன்” என்று ஒரு வாரம் புலம்பினான். பிறகு தானே போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தான்.

மறுபடி அதே ராணி, அதே பிஷப். ஏகநாதன் இந்த முறை தயாராக வந்திருந்தார். ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினார், ராணி வந்த வழியே ஓடியது. அதற்கப்புறம் பிரிட்டோ திணறினான். குரோம்பேட்டையில் குதிரை போனது, பல்லாவரத்தில் ராணி போனது, மீனம்பாக்கத்தில் ராஜாவும் மாட்டினார்.

ஏகநாதன் முகம் மலர்ந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான் சொன்னேன்: “பிரிட்டோ பாவம் பாத்து வுட்டுக் குடுத்துட்டான் சார்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

“நெஜமாவா சார்?” என்று ஏகநாதன் பிரிட்டோவைக் கேட்டார். அவன் தலையைக் குனிந்து லேசாகச் சிரித்துவைத்தான். அவர் தன் போர்டை மடித்துப் பையில் வைத்தார். கிண்டியில் இறங்கிப் போனார்.

“மெய்யாலுமே தோத்தேன்பா” என்றான் பிரிட்டோ. “நாலு மூவுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது.”

“அவர்ட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“பேரு பூடுமேன்னு பாத்தேன்.”

இப்போது அவன் தினமும் ஒவ்வொரு பெட்டியாக ஏறி ஏகநாதனைத் தேடுகிறான். அவர் பஸ்ஸுக்கு மாறிவிட்டார். போன வாரம் தாம்பரம் பஸ் ஸ்டாப்பில் அவரை நானே பார்த்தேன், பார்க்காதவன்போல நடந்து வந்துவிட்டேன். பிரிட்டோவிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை.