கடைசியாக வந்த எண்

சென்சாரின் கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எண் மறைந்து, வெறும் கோடுகள் வந்து, சைரன் காதைக் கிழித்த பிறகுதான் அவர் முகத்தில் தெளிவு. மறுபடி செருகுகிறார். மறுபடி பிடுங்குகிறார். குளிர்கிடங்கின் ஆட்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். "வந்துட்டாருய்யா வயர்புடுங்கி! இன்னிக்கு வேல நடந்தாப்லதான்." அது அவர் காதிலும் விழும். விழுந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

இயந்திரத்துக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்ற சில்லு ஒரு முறையில் தகவல் அனுப்பும். அலுவலகக் கணினிக்கு அந்த முறை புரியாது. நடுவே கட்டைவிரல் அகலத்தில் ஒரு பலகை வேண்டும். பிரிட்ஜ் என்பார்கள். இந்தப் பக்கம் வாங்கி, அந்தப் பக்கத்துக்குப் புரிகிறபடி மாற்றிக் கொடுக்கும். அதற்கு நிரல் எழுதிப் பொருத்துவதுதான் இவர் பிழைப்பு. சட்டைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, பிரிட்ஜ் ஒன்று இருக்கும். ஈயம் பற்றவைக்கும் புகை மூக்கில் ஏறி ஏறி, நாக்கு மரத்துப் பல வருஷமாயிற்று; உப்பே போடாவிட்டாலும் தெரியாது. தொலைபேசியில் எதிராளி கொஞ்சம் மௌனமானால் போதும், வைத்துவிட்டு மறுபடி அழைப்பார்.

"நாம தூது போறவங்க சார். சொன்னதத்தான் சொல்லணும். ஒண்ணும் சொல்லலன்னா, ஒண்ணும் சொல்லலன்னு சொல்லணும்."

இந்தப் பேச்சு முன்பு அவரிடம் கிடையாது. அப்போது வேறொரு குளிர்கிடங்கில், அம்மோனியாக் கசிவை அளக்கும் சென்சாருக்கு பிரிட்ஜ் போட்டிருந்தார். பெரிய கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் கம்பியில் தகவல் கலைந்து, நொடி நேரம் அறுந்துபோகும். சைரன் அலறும். ஆட்கள் விழுந்தடித்து ஓடுவார்கள். பார்த்தால் ஒன்றுமிருக்காது. அங்கே ஷிப்ட் பொறுப்பாளர் இவருடைய அக்காவின் கணவர். அவரே சலித்துப்போய்க் கேட்டார்:

"மாப்ள, இந்தக் கழுத கத்திக் கத்தி உசுர வாங்குதுடா. தகவல் வரலன்னா, கடைசியா வந்த நம்பரையே காட்டச் சொல்லேன்."

மச்சான் கேட்டு மறுப்பதா? ஒரே வரிதான். எழுதிக் கொடுத்தார். சைரன் அடங்கியது. எல்லாரும் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள்.

ஒருநாள் சரக்கு வண்டி உரசி அந்தக் கம்பியே அறுந்தது. யாரும் கவனிக்கவில்லை. பிரிட்ஜ் மட்டும் எட்டு, எட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. எட்டு என்றால் பயமில்லை. மூடிய அறைக்குள் குழாய் வெடித்து அம்மோனியா கசிந்துகொண்டிருந்தது. திரையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்த அக்காவின் கணவரை, இரண்டாவது மூச்சு இழுக்க அது விடவில்லை. அவரைத் தூக்கிவந்து கிடத்தியபோதும் திரையில் எட்டுதான்.

விசாரணையில் பழி கம்பியோடு போயிற்று. இவரேதான் போய் அக்காவிடம் சொன்னார்.

"அது பொய் சொல்லிருச்சுக்கா. சொல்ல வச்சது நான்தான்."

"அவரு உள்ள போறப்ப அதுல என்ன இருந்துச்சு?"

"எட்டு."

அதுதான் அவரிடம் அக்கா பேசிய கடைசிப் பேச்சு. போக்கிடம் இல்லாமல் அக்காவும் மகளும் இவர் வீட்டில்தான் இருக்கிறார்கள். அக்கா சமைக்கிறார், இவர் சட்டையைத் துவைக்கிறார். சொல்ல வேண்டியதெல்லாம் மகள் வழியாக வரும். "சிலிண்டர் தீரப்போகுதுன்னு மாமாகிட்ட சொல்லுடி." மாமா கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருப்பார். "கோவம் எத்தன நாளைக்கு? ஒருநாள் அதுவாக் கூப்பிடும் பாருங்க" என்று டீக்கடைக்காரரிடம் மட்டும் சொல்லிக்கொள்வார்.

இன்று இந்தக் கிடங்கின் மேனேஜரும் அதையே கேட்டார்.

"சும்மா சும்மா கத்துது. பழைய நம்பரையே காட்ற மாதிரி பண்ணிவிடுங்களேன். எல்லா எடத்துலயும் பண்றாங்க."

"கம்பிய மாத்துங்க சார்."

"மாத்துற வரைக்கும்?"

"கத்தட்டும்."

"அப்ப வேற ஆளப் பாத்துக்கவா?"

"பாருங்க. வர்றவர்கிட்ட என் நம்பரக் குடுங்க. நான் பேசிக்கிறேன்."

மாலையில் வீட்டுப் பின்புறம், சமையலறை ஜன்னலுக்குக் கீழே, ஒழுகும் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். உள்ளே தட்டு வைக்கும் சத்தம். மகளின் குரல் மெதுவாகக் கேட்டது. "மாமாவக் கூப்பிடட்டுமாம்மா?"

பதில் இல்லை. கரண்டி உருளும் சத்தம்கூட நின்றிருந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி அந்தப் பெண், "அம்மா?" என்றாள். அதற்கும் இல்லை.

பின்வாசலில் வந்து நின்றாள். நேற்றுச் சொன்ன அதே வார்த்தை, அதே ராகம்.

"மாமா, அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க."

திருகுக்குறடு அவர் கையில் அப்படியே நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக நீயே சொல்கிறாய் என்று கேட்க வந்தவர், குறடைக் கீழே வைத்தார்.

"வந்துட்டேன்னு சொல்லும்மா."

கை கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தார். அக்கா அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார். இவர் முதல் கவளத்தை மென்று விழுங்கிவிட்டு, பெண்ணின் பக்கம் திரும்பினார்.

"உப்பு சரியா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லு."