கதவா, கழுத்தா?

கோண்டாவிலில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருந்த குருநகர் யாகப்புவைக் கல்நெஞ்சுக்காரன் என்றே ஊர் முடிவுகட்டியிருந்தது. தெருவில் வாகனம் அடிபட்டால் ஓடிப்போய், உள்ளே கிடக்கிறவரைக் கையிலும் காலிலும் பிடித்து இழுப்பதுதான் எங்கள் சனத்துக்குத் தெரிந்த இரக்கம். இழுத்துத் தெருவில் இருத்தி, தலையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, சோடாவைப் பருக்கிவிட்டால் எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். யாகப்பு மட்டும் குறுக்கே நின்று, “தொடாதேங்கோ” என்பான். மூச்சு வருகிறதா, இரத்தம் ஓடுகிறதா, நெருப்புப் பிடிக்குமா என்று பார்ப்பான். பார்த்துவிட்டு, ஆளை அப்படியே விட்டு வாகனத்தைக் கழற்றத் தொடங்குவான். சனம் வேறு என்ன நினைக்கும்?

இதை அவன் புத்தகத்தில் படிக்கவில்லை. எண்பத்து நாலில் மீன் லொறி கவிழ்ந்தபோது, சொந்த அண்ணன் இன்னாசித்தம்பியைக் கக்கத்தில் பிடித்து வெளியே இழுத்துப் போட்டவன் அவனேதான். இழுக்கும்வரை காலை ஆட்டி ஆட்டிக் கத்திய அண்ணன், பிறகு காலை ஆட்டவேயில்லை. கெட்டிக்காரன், உடனே இழுத்துப் போட்டான் என்று தெருவே மெச்சியது. அந்த மெச்சலைக் கேட்டுக்கொண்டிருக்க ஏலாமல்தான் அவன் குருநகரை விட்டுக் கிளம்பினான்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு காலை, இளைப்பாறிய கிளாக்கர் செல்வநாயகத்தின் ஏ-40 கார், கராச்சுக்குக் கூப்பிடுதூரத்தில் மதகுக் கட்டில் போய் மோதியது. குறுக்கே வந்த ஆட்டுக்காகத் திருப்பினாராம். ஆட்டுக்கு ஒன்றுமில்லை. பொருளாதாரத் தடையால் பெற்றோல் கண்ணில் படாமல், கார்களெல்லாம் மண்ணெண்ணெயைக் குடித்து இருமிக்கொண்டு ஓடிய காலம் அது. செல்வநாயகம் காரை நாளுக்கு இருதரம் துடைப்பார், மனைவி பூரணத்தோடு வெள்ளிக்கு வெள்ளி கதைப்பார் என்று அயலில் ஒரு பகிடி உண்டு.

அவர் ஒரு கீறலோடு தானாகவே இறங்கிவிட்டார். பக்கத்து சீட்டில் பூரணம் அகப்பட்டுப்போனார். கதவு உள்ளே நசுங்கி அவருடைய இடுப்போடு இறுகியிருந்தது. கழுத்து நோகிறது என்றார். கால் விரல்களை ஆட்டச் சொன்னான் யாகப்பு. ஆட்டினார். வெளியே வந்த பிறகும் அவை ஆடவேண்டும், அவனுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. சந்திக் கடைத் தில்லைநாதன் சோடாவை உடைத்துக்கொண்டு தயாராக நின்றார். இன்னொருவர் டிரைவர் பக்கத்தால் புகுந்து பூரணத்தின் கக்கத்தில் கையைக் கொடுத்துவிட்டார்.

“கையை எடு. இழுத்தால் கழுத்து முறியும்,” என்றான் யாகப்பு.

“கண்டறியாத கதை. மனுசி கிடந்து துடிக்குது, இவர் சட்டம் கதைக்கிறார்.”

“கதவின்ரை பிணைச்சலை அறுத்துக் கதவைக் கழட்டுவம். ஆளை அசைக்கக்கூடாது.”

செல்வநாயகத்துக்கு அப்போதுதான் முழு உணர்வும் வந்தது. “கதவை அறுக்கிறதோ? தம்பி, இது பழைய கார். உந்தக் கதவு இப்ப கொழும்பிலையும் எடுக்கேலாது. மற்றப் பக்கத்தாலை மெல்லமா இழுத்தால் என்ன? அவ மெலிஞ்ச ஆள்தானே.”

முப்பத்து நாலு வருடக் குடும்ப வாழ்க்கையில் மனைவியைப் புகழ அவருக்கு வாய்த்த தருணம் அது. யாகப்புவுக்கு வந்த கோபத்தில் அந்த மனுசனையே மதகுக்குள் தள்ளியிருப்பான். தள்ளாமல் பின்சீட்டில் ஏற்றினான்.

“ஐயா, ரெண்டு கையாலையும் அம்மாவின்ரை தலையைப் பிடியுங்கோ. தலை திரும்பினால் ரெண்டு காலும் போகும். நான் சொல்லுமட்டும் விடக்கூடாது.”

தலையைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்பது உண்மை. கதவை அறுப்பதைத் தடுக்க வந்த கைகளுக்கும் ஒரு வேலை வேண்டியிருந்தது.

இரும்பு அறுக்கும் வாள் பிணைச்சலில் ஏறியது. ஒவ்வொரு இழுவைக்கும் பின்சீட்டில் ஒரு முனகல். “மெல்லத் தம்பி, பெயின்ற் போகுது.”

பூரணம் தலையை அசைக்காமலே பேசினார். “கதவைப் பாக்காதேங்கோ. உங்கடை கை நடுங்குது. எனக்குப் பயமாக் கிடக்கு.”

அதற்குப் பிறகு செல்வநாயகம் கதவைப் பார்க்கவில்லை, முனகவுமில்லை. அரை மணி நேரம், மனைவியின் நரைத்த உச்சியைப் பார்த்தபடியே குனிந்திருந்தார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியும் கையை எடுக்கவில்லை. கதவு கழன்று தெருவில் விழுந்த சத்தத்துக்கும் திரும்பவில்லை.

தில்லைநாதன் கடை பூட்டுகிற பலகைகளில் ஒன்றைக் கொண்டுவந்தார், பின்னேரத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. தலை, தோள், இடுப்பு எல்லாம் ஒன்றாகத் திரும்பவேண்டும் என்று யாகப்பு அதட்ட, அதுவரை அவனைத் திட்டியவர்களே பிடித்துப் பூரணத்தைப் பலகையில் சரித்தார்கள். சால்வைகளால் கட்டி, லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றினார்கள். செல்வநாயகம் தலைமாட்டில் முழங்காலில் இருந்தார். பள்ளத்துக்குப் பள்ளம் அவர் முழங்கால் அடிபட்டது. பூரணத்தின் தலை அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் தலைக்கு இருபுறமும் மண்மூட்டை வைத்து இறுக்கினார். “காலைக் கொஞ்சம் ஆட்டுங்கோ அம்மா.”

பூரணம் ஆட்டினார். இரண்டு காலும் அசைந்தன.

“நல்லது. ஐயா, நீங்கள் கையை எடுக்கலாம்.”

செல்வநாயகம் எடுக்கவில்லை. டொக்டர் இரண்டாம் தரமும் சொன்னார். அவர் அதைக் காதில் வாங்காமல், வாசலில் நின்ற யாகப்புவைத் தேடினார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

“தம்பி, விடலாமோ?”

ஓம் என்று சொல்ல வாயைத் திறந்த யாகப்புவுக்கு அழுகைதான் வந்தது.