பாரில் கட்டிய கேன்

என்ஜின் பக்கம் நான். முன்பக்கம், அணியத்தில், மச்சான், என் பெண்சாதியின் தம்பி. நடுவில், ஹோட்டலுக்கு வருகிறவர்களைக் கடலில் மூழ்கிச் சுழியோடப் பழக்கும் மாஸ்டர், சிலாபத்துச் சிங்களவர். அவருக்கு எதிரே ஒரு வெளிநாட்டுக்காரர். அவர் பக்கத்தில் அவருடைய பெண்சாதி. அவ்வளவுதான் படகில்.

கல்பிட்டியிலிருந்து பாருக்கு ஒரு மணித்தியால ஓட்டம். கடலுக்கடியில் முருகைக்கல் என்கிற பவளப்பாறை வளர்ந்து கிடக்கும் திட்டைத்தான் பார் என்போம். முன்பு அங்கே தூண்டில் போட்டேன். இப்போது சுழியோட வருகிறவர்களை ஏற்றுகிறேன். கல் செத்தால் மீனும் இல்லை, இவர்களும் இல்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது.

நங்கூரம் விழுந்தால் கல் கொம்பு கொம்பாக உடையும். காற்றுக்குப் படகு இழுபட்டால் இன்னும் மோசம். அதனால் இந்தச் சீசன் தொடக்கத்தில் மச்சானும் நானும் பழைய டயருக்குள் சீமெந்து ஊற்றி, பாரின் நடுவே இருக்கும் மணல் குழியில் இறக்கினோம். அதில் கட்டிய கயிற்றின் மேல்நுனியில் ஒரு நீலக் கேன். வலைக்கு மிதவை கட்டிய பழக்கம்தான். கேனில் படகைக் கட்டினால் நங்கூரம் வேண்டாம்.

"இனி கல்லுக்கு ஒண்டும் வராது" என்றான் மச்சான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்றைக்கும் கேனில் கட்டினோம். மாஸ்டரும் அவர்கள் இருவரும் இறங்கினார்கள். தண்ணீர் தெளிவு, மேலிருந்தே தெரிந்தது. அந்தப் பெண் படம் எடுக்க ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் காலில் போட்டிருந்த துடுப்பு பின்னால் கல்லில் அடித்தது. கல் துண்டுகள் மணலில் விழுந்தன. கத்தினாலும் கீழே கேட்காது.

மேலே வந்ததும் மாஸ்டரைத் தனியாகக் கேட்டேன்.

"அய்யே," என்று சிங்களத்தில் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார். "நான் கை காட்டினது. அவங்க பாக்க இல்ல. கூடுதலாச் சொன்னா ஹோட்டல்ல எனக்குத்தான் ஏச்சு."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டு எனக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். நானும் காட்டினேன்.

அதற்குள் மற்றப் படகுகள் வந்தன. முன்பு இந்த இடத்துக்கு வர, கரையில் தெரியும் காற்றாலைகளை வைத்துக் கணக்குப் பிடிக்க வேண்டும். புதிதாய்ச் சுற்றுலாவுக்கு ஓடுகிறவர்களுக்கு அது தெரியாது. பாரின் ஓரத்தோடு திரும்பிவிடுவார்கள். நீலக் கேன் தூரத்திலேயே தெரிகிறது.

"நானா, அல்லா ஒங்களுக்கு பரக்கத் செய்யட்டும்!" பக்கத்துப் படகுக்காரன் கத்தினான். எங்கள் ஆட்கள் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம். "இந்தக் கேன் இல்லாட்டி நாங்க இன்னும் எடம் தேடிக்கிட்டு நிப்பம்."

"கேன்ல கட்டு. நங்கூரம் போடாத."

"கயித்துல எடம் எங்க நானா? எங்கட ஆக்கள் எறங்க அவசரப்படுறாங்க."

போட்டான். சங்கிலி ஓடுகிற சத்தம் கேட்டது.

"கலியாணத்துக்குச் செல்லி அனுப்பின மாதிரி வந்திருக்கானுகள்" என்றான் மச்சான். பிறகு கத்தியை எடுத்தான். "கயித்த அறுத்துடுவமா?"

"எல்லாரும் எடத்தப் போன்ல குறிச்சிட்டாங்க. அறுத்தா, இப்ப கட்டி நிக்கிறவனும் நங்கூரம் போடுவான்."

கத்தியைப் பலகைக்கடியில் வைத்தான். எழும்பி நின்று சுற்றிலும் பார்த்துப் படகுகளை எண்ணினான்.

எங்களோடு சேர்த்து, கேனில் கட்டியது மூன்று. நங்கூரம் போட்டது பதினொன்று.