தீவுப் படத்துக்காகத் திறந்த மடை

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். நேற்று டிவியில் ஒரு தீவு நாட்டுப் படம். உப்புநீரில் பூநாரைகள் இறங்கின. "எவ்ளோ அழகா இருக்குது பாருங்க அத்தை" என்றாள் மருமகள். நான் எழுந்து டிவியை அணைத்தேன்.

என் ஒன்பது வயதில் அப்படி ஒரு படம் எடுக்கத்தான் எங்கள் மரக்காணம் உப்பளத்துக்கு வந்தார்கள். "தீவுல பறவை சரியா மாட்டல. இங்க எடுத்து சேத்துக்கிறோம். பறவை எறங்க பாத்தில ஓடைத்தண்ணிய உடுப்பா, மொதலாளிகிட்ட நாங்க பேசிக்கிறோம்" என்றார் அவர்களில் ஒருவர். மறுநாள் உப்பு வாரவேண்டிய பாத்தி அது. அங்கே வேலை செய்த அப்பா அதை நம்பி மடையைத் திறந்தார். உப்பெல்லாம் கரைந்தது.

முதலாளி வந்ததும் அந்த ஆள், "நாங்க கேக்கவே இல்லைங்க" என்றார். அவர் கேட்டுத்தான் திறந்தேன் என்று அப்பா அம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்.

"ஏம்மா, நீயும் அங்கதான இருந்த? சொல்லு" என்று முதலாளி என்னைக் கேட்டார். அந்த ஆள் தந்த பிஸ்கட் என் கையில் இருந்தது.

"தெரியாதுங்க" என்றேன்.

"டேய், பெத்த பொண்ணே சொல்லல. அம்மன் முன்னாடி பொய் சத்தியமா?" என்று முதலாளி அப்பாவிடம் கத்தினார்.

சாகும்வரை ஊர் அப்பாவைப் பொய்ச்சத்தியக்காரன் என்றது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா செய்தது உண்மைச் சத்தியம். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். இரக்கப்பட்டு, 'பாவம், சின்னப் பிள்ளைதானே' என்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள்.