அல்பேர்ட் அண்ணை முடி துறந்தார்

ஜேர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்கரிடையே அரசன் என்றால் அல்பேர்ட் அண்ணைதான். பகலில் கம்பித் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுபவர். கிறிஸ்மஸ் ஒளிவிழா நாட்டுக்கூத்து என்று வந்துவிட்டால் பொன்தாள் ஒட்டிய முடியும் முறுக்கிய மீசையுமாக மேடை ஏறிவிடுவார். எந்தக் கதையானாலும் அரசன் வேடம் அவருக்கே. அவருடைய வரவுப் பாட்டு தொடங்கியதும் பின்வரிசைக்காரர் எழுந்துபோய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். பாட்டு அப்போதும் முடிந்திருக்காது.

வீட்டிலும் அவர் ஆட்சிதான். எந்தக் குளிரிலும் அறையைச் சூடாக்கும் ஹைசுங்கின் திருகை இரண்டாம் இலக்கத்துக்கு மேல் திருப்ப எவருக்கும் உரிமை இல்லை. மனைவி மக்டலீன் கம்பளிச் சால்வையைப் போர்த்துக்கொண்டுதான் சமைப்பாள்.

இந்த முறை கூத்து எழுதும் பொறுப்பு வெரோனிக்காவிடம் வந்தது. அவள் முதியோர் இல்லத்தில் தாதி.

"அண்ணை, சீனாவிலை புரட்சி வந்து சக்கரவர்த்தி ஆட்சி கவிழ்ந்த கதை. நூறு வருஷத்துக்கு முந்தி..."

சக்கரவர்த்தி என்ற சொல்லுக்குப் பிறகு அண்ணையின் காதில் எதுவும் ஏறவில்லை. "ஓம் ஓம், செய்வம்" என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் முடிக்குப் புதுப் பொன்தாள் ஒட்டினார்.

முதல் ஒத்திகையில்தான் விஷயம் வெளியே வந்தது.

"அண்ணை, அந்தச் சக்கரவர்த்திக்கு அப்ப ஆறு வயசு."

"ஆறோ! அப்ப நான் ஆர்? புரட்சிக்காரனோ?"

"அவங்கள் இளந்தாரியள், அண்ணை. உங்களுக்கு ராஜமாதா வேஷம். பிள்ளைக்காக ஆட்சியை விட்டுக் குடுக்கிறது அவதான்."

அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டுவது ஊர் வழக்கம்தான். ஆனால் கட்டுவது மற்ற ஆண்களல்லவா! ஒரு கிழமை முழுக்க வெரோனிக்காவின் அழைப்பை அவர் எடுக்கவில்லை. பிறகு, தான் இல்லாத மேடையை நினைத்துப் பார்த்தார். பாவம், மனிதர் தானே அவளை அழைத்து, ராஜமாதாவுக்கு ஓம் சொன்னார்.

விழாவன்று காலை மீசை இல்லாமல் குளியலறையிலிருந்து வெளியே வந்தார். மக்டலீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் கலியாணக் கூறைச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். சீன ராஜமாதா கூறைச் சேலை கட்டினாரா என்று சபையில் ஒருவரும் கேட்கவில்லை.

புரட்சிக்காரர் ஆடி முடித்தார்கள். அண்ணையின் முடி தலைக்குப் பெரிதென்பதால் குட்டிச் சக்கரவர்த்தி அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். ராஜமாதா அதை வாங்கிக் கீழே வைத்து இரண்டு வரி பாட வேண்டும். அண்ணை இருபது வரியாக இழுப்பார் என்று மிருதங்கக்காரருக்குப் பயம். அண்ணை இழுக்கவில்லை. தானே ஒட்டிய பொன்தாளை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் முடியைக் கீழே வைத்தார். இரண்டு வரியும் உடைந்துதான் வந்தன. தேத்தண்ணீருக்கு ஒருவரும் எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மக்டலீனின் கண் சிவந்திருந்தது.

"என்னப்பா, அழுதனீரோ?"

"இவ்வளவு வருஷமும் அரசனா நிண்டு கத்தினியள், எனக்கு நித்திரைதான் வந்தது. நீங்கள் ஒண்டை விட்டுக் குடுத்ததை இண்டைக்குத்தான் பாத்தன்."

அண்ணை மீசையை முறுக்கக் கையைக் கொண்டுபோனார். அது இல்லை. மக்டலீன் நேரே போய் ஹைசுங்கின் திருகை நாலில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

சேலையை மடித்துக்கொண்டிருந்த ராஜமாதா தொண்டையைச் செருமினார்.

"அஞ்சிலை வையுமப்பா. மீசை இல்லாமல் முகம் குளிருது."