காக்காய் எடுக்காத பிண்டம்

கரமனை அக்கிரகாரத்தில் பிறந்தவனைக் கடலுக்குள் பறவைக்குக் காவல் வைத்த சர்க்காரை என்ன சொல்ல? திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற மொட்டைப் பாறைத்தீவு அது. கோடையில் ஆலாக்கள் அங்கே வந்து முட்டையிடும். கூடு கட்டுகிற வழக்கமெல்லாம் அவற்றுக்குக் கிடையாது; வெறும் பாறையிலேயே இட்டு அடைகாக்கும். மனிதர் யாரும் முட்டை எடுக்கக் கூடாது, காக்காயை அண்டவிடக் கூடாது என்பதுதான் எனக்கு உத்தரவு. இருக்க ஓர் ஓலைக் குடிசையும், தட்டி விரட்ட ஒரு தகர டின்னும் கொடுத்திருந்தார்கள்.

பேச்சுத் துணை கிடையாது. வாரம் ஒருமுறை அரிசியும் தண்ணீரும் கொண்டுவரும் வள்ளக்காரரைத் தவிர மனித முகமே பார்க்க முடியாது. அவர் போனபின், என் குரலை நானே கேட்பதற்காகவாவது ஆலாக்களைத் திட்டுவேன். பதிலுக்கு அவை என் தலையில் எச்சமிடும்.

அந்த வருஷம் அம்மாவின் தலைத் திவசம் வந்தது. நான் ஒரே பிள்ளை. லீவு கேட்டதற்கு, குஞ்சு பொரிக்கிற சமயத்தில் முடியாது என்று மேலதிகாரி சொல்லியனுப்பிவிட்டார். புரோகிதர் இல்லாவிட்டால் போகிறது. பிண்டத்தைக் காக்காய் எடுத்தால்தானே அம்மா சாப்பிட்ட மாதிரி? நானோ கண்ணில் பட்ட காக்காயையெல்லாம் விரட்டித் தீர்த்திருந்தேன். வள்ளக்காரரிடம் சொல்லிப் புலம்பினேன்.

"கரையிலேர்ந்து ஒரு காக்கையெப் பிடிச்சு, கூட்டிலிட்டுக் கொண்டு வரட்டே, சாமி?" என்றார்.

கேலியில்லை, மனசு பொறுக்காமல்தான் கேட்டார். திருடனை நானே வள்ளமேற்றி வரவழைப்பதா? வேண்டாம் என்றேன்.

திவசத்தன்று குளித்து, சோறு வடித்து, எள் கலந்து உருட்டிப் பாறையில் வைத்தேன். கா, கா என்று தொண்டை வறளக் கூப்பிட்டேன். வெயில் உச்சிக்கு ஏறியபின் கரைப் பக்கமிருந்து ஒற்றைக் காக்காய் வந்தது. உருண்டைக்கு அருகே உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சாப்பிடும்மா" என்றேன்.

அது உருண்டையைத் தொடவில்லை. பக்கத்தில், அதைக் கண்டு பயந்து எழுந்த ஓர் ஆலாவின் முட்டையை நோக்கித் தத்தித் தத்திப் போனது. ஆலா என் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றியது. கொஞ்சம் தயங்கினேன். பிறகு டின்னைத் தட்டினேன். காக்காய் கரையைப் பார்த்துப் பறந்துவிட்டது, திரும்பி வரவில்லை.

பொழுது சாயும்வரை உருண்டை அப்படியே கிடந்தது. குடிசையில் சோறு மீதி இருந்தது, பசியும் இருந்தது. நான் சாப்பிடாமல் அம்மா ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அன்று நான் சாப்பிடவில்லை.